இரண்டாவது அடுப்பு

வெள்ளை உடுப்புப் போட்ட ஆள் வருகிறார். தலையிலிருந்து கால்வரை மூடியிருக்கிறார், கண் மட்டும்தான் தெரிகிறது. கையில் ஒரு அட்டை. பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒவ்வொரு கட்டிலாக நின்று, பார்த்து, என்னமோ எழுதிக்கொண்டு, என் பக்கமாக வருகிறார்கள்.

என் முகத்துக்குப் பக்கத்தில் அடுப்பு உஸ்ஸ்ஸ் என்று எரிகிறது. இந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுந்தால் போச்சு. சட்டென்று அடுப்பை அணைத்து, போர்வைக்குள் தள்ளி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் படுத்துவிடுகிறேன்.

உடனே எங்கேயோ மணி அடிக்கிறது. டிங் டிங் டிங் என்று விடாமல் அடிக்கிறது. மூன்று பேரும் ஓடிவந்து என்மேல் குனிகிறார்கள்.

அது அடுப்பு இல்லை, ஆக்சிஜன் மாஸ்க். அவர்கள் டாக்டர்கள். இடம், தில்லியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு. எனக்குக் கொரோனா வந்து, நெஞ்சு முழுக்க அடைத்துக்கொண்டு, ஜனக்புரியிலிருந்து என் மகள் மல்லிகா ஆம்புலன்சில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். வாசலோடு அவளை நிறுத்திவிட்டார்கள். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லாத காலம் அது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். பாதி எனக்கே ஞாபகம் இருக்கிறது. மீதி, மல்லிகாவும் ஷைனி என்கிற மலையாள நர்ஸும் சொன்னது. சொல்லச் சொல்ல நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் மல்லிகாவிடம் போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். "மாஸ்க் முகத்தில் இருந்தால் உங்கள் அம்மா பிழைக்க வழி இருக்கிறது. ஆனால் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார். இப்படியே போனால் மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்கவேண்டியதுதான். இந்த வயதில் இறக்கிய குழாயைத் திரும்ப எடுப்போம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது."

அவ்வளவுதான் விஷயம். மாஸ்க் இருந்தால் நான் இருப்பேன். மாஸ்க்கோ, நான் அடுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த பொருள்.

ஏன் அடுப்பு

இதைச் சொல்ல நான் ரொம்ப தூரம் பின்னால் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். மல்லிகாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கம் படிப்பதற்குள் தூங்கிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகி விழுப்புரம் பக்கத்திலிருந்து நான் தில்லிக்கு வந்தபோது என் வீட்டுக்காரருக்கு அரசாங்க அச்சகத்தில் பைண்டிங் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முறை வரும்வரை எங்கே இருப்பது? அந்தக் காலத்தில் எல்லாரும் இருந்த மாதிரிதான். குவார்ட்டர்ஸ் கிடைத்த ஒருவர் வீட்டில் பின்பக்கத்து அறையை வாங்கிக்கொண்டு, சத்தம் காட்டாமல் இருப்பது.

எங்களுக்கு அந்த ஒருவர் இசக்கி அக்கா. திருநெல்வேலிக்காரர். கோல் மார்க்கெட்டில் வரிசையாக இருக்குமே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடுகள், அதில் ஒன்று அக்கா வீட்டு சாருக்குக் கிடைத்திருந்தது. முன்னறை அவர்களுக்கு. பின்னறையும் ஒரு துண்டு வராந்தாவும் எங்களுக்கு. இசக்கி அக்கா முன்னறையில் மெதுவாகப் பேசினால் பின்னறையில் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் தெருவுக்குக் கேட்கும்.

உள்ளே வேறு குடித்தனம் வைக்கக்கூடாது என்பது சர்க்கார் சட்டம். அதைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ஆள் வருவார். அவரை நாங்கள் "ஆள்" என்றுதான் சொல்வோம். அவர் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆள் வருவது தை மாதக் குளிரில். குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேல் ஒரு சால்வை. இரண்டு கண் மட்டும் வெளியே. கையில் அட்டை.

இப்போது புரிகிறதா, அந்த வெள்ளை உடுப்பு டாக்டரை நான் யாரென்று நினைத்தேன் என்று. அதுவும் என் கண்ணாடியை மல்லிகா கொடுத்தனுப்பிய பையிலேயே விட்டுவிட்டார்கள்.

வீட்டில் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஆள் ஒன்றும் சொல்லமாட்டார். விருந்தாளி என்றால் ஒத்துக்கொள்வார். கட்டில், பெட்டி, படுக்கை எல்லாம் விருந்தாளிக் கணக்கில் போய்விடும். அவர் தேடுவது ஒன்றே ஒன்று. இரண்டாவது அடுப்பு. விருந்தாளி தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டா வருவாள்? இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு குடித்தனம். இரண்டு குடித்தனம் என்றால் அக்காவுக்கு வீடு போய்விடும், எங்களுக்குப் பின்னறை போய்விடும்.

எங்களிடம் இருந்தது பம்ப் ஸ்டவ். மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்று அடித்தால் உஸ்ஸ்ஸ் என்று ஊரைக் கூட்டிக்கொண்டு எரியும். ஆள் தெருமுனையில் தெரிந்ததும் இசக்கி அக்கா முன்னறையிலிருந்து, "ஏட்டி தனம், வந்துட்டான்" என்பார். நான் ஸ்டவ்வில் காற்றைத் திறந்துவிட்டு, சுடச்சுட அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே துணியைப் போட்டு மூடிவிடுவேன். ஆள் போனபிறகு அக்கா, "ஆளு போயிட்டான், அடுப்பப் பத்த வையி" என்பார். அந்தக் குரல் வரும்வரை எங்கள் வீட்டில் நெருப்பு கிடையாது.

ஒரு வருஷம் அவசரத்தில் நான் ஸ்டவ்வின்மேல் மூடியது என் வீட்டுக்காரரின் ஒரே ஸ்வெட்டர். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அதன் கருகிப்போன இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே ஆபீஸ் போனார்.

ஊமைத் தங்கச்சி

அடுப்பை மறைத்தாயிற்று. என்னை எங்கே மறைப்பது? அதற்கும் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். நான் அக்காவின் தங்கச்சி, ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வந்திருக்கிறேன், எட்டு நாளில் போய்விடுவேன். இதை இந்தியில் சொல்லவேண்டும். பட்டாணி உரித்துக்கொண்டே அக்கா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "மை இன்கீ பெஹன் ஹூன். இலாஜ் கே லியே ஆயீ ஹூன்." நானும் பட்டாணிக்கு ஒருமுறை சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினேன்.

ஆள் வந்தார். என்னைப் பார்த்து, யார் நீ என்று கேட்டார்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அந்த ஐந்து வருஷத்தில் டீச்சர் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. காய்கறிக்காரரிடம் விலை கேட்கவே எனக்குக் கூச்சம். அவர் சொன்ன காயை வாங்கிக்கொண்டு வருவேன். அப்படிப்பட்டவளிடம் குல்லாய் போட்ட சர்க்கார் மனிதர் கேட்டால் என்ன வரும்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இசக்கி அக்கா ஒரு கணம்தான் பார்த்தார். "கூங்கி ஹை, சாப்" என்றார். ஊமை, ஐயா. அதுக்குத்தான் வைத்தியம்.

அன்றிலிருந்து நான் ஊமை. அடுத்த தை வந்தது. ஆள் அக்கறையாக, "இன்னும் பேச்சு வரவில்லையா?" என்று விசாரித்தார். அதற்கடுத்த தையில் சால்வைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். அக்கரகாரம். தேனில் குழைத்து நாக்கில் தடவினால் கல்லும் பேசுமாம். இப்போதே தடவுங்கள், நான் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அக்கா தடவினார். நாக்கு பற்றி எரிகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கும் சேர்ந்து கொட்டுகிறது. நான் ஒரு சத்தம் போடவில்லை. ஆள் வருத்தத்தோடு எழுந்து போனார்.

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்வார். இருக்கலாம். எதிரே நின்று பார்த்த எனக்கு அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு எங்களுக்கும் முறை வந்தது. சொந்தக் குவார்ட்டர்ஸ், அப்புறம் மகளோடு ஜனக்புரி. வீட்டுக்காரர் போய்ச் சில வருஷம் ஆகிறது. இசக்கி அக்கா மகனோடு ஆர்.கே. புரத்தில் இருக்கிறார். காது கேட்பது குறைந்துவிட்டது, அதனால் குரல் இன்னும் கூடிவிட்டது.

பாதி சரி

ஐ.சி.யு.வுக்கு வருகிறேன்.

எனக்கு வந்ததற்கு டெலிரியம் என்று பெயராம். பைத்தியம் இல்லையாம். கடுமையான காய்ச்சல், காற்றுப் பற்றாக்குறை, மருந்து, பகலா ராத்திரியா தெரியாத வெளிச்சம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாதது, எல்லாம் சேர்ந்து புத்தி எழுந்து எங்கேயாவது போய்விடும். நோய் இறங்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அங்கே நிறையப் பேருக்கு அப்படி ஆயிற்று என்று ஷைனி சொன்னாள். என் புத்தி கோல் மார்க்கெட் பின்னறைக்குப் போயிருந்தது. வேறெங்காவது நல்ல இடத்துக்குப் போயிருக்கக்கூடாதா.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சர்தார்ஜி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது, ரொட்டி வரவில்லை என்று கோபம். என்னைப் பார்த்து, "பெஹன்ஜி, ரொட்டி?" என்று கேட்பாராம். நான், "இப்ப அடுப்பு அணைஞ்சிருக்கு. ஆள் போகட்டும், சுட்டுத் தரேன்" என்பேனாம். நான் தமிழில் சொன்னது அவருக்கு எப்படிப் புரிந்ததோ. "கோயி பாத் நஹி" என்று சமாதானமாகிவிடுவாராம். அந்த வார்டிலேயே ஒருவர் சொன்னதை ஒருவர் புரிந்துகொண்டு பேசியது நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஷைனி சொல்லிச் சிரிக்கிறாள்.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் தினமும் கேள்வி கேட்பார். நான் மாஸ்க்கை எடுத்துவிட்டுக் கணீரென்று பதில் சொல்வேனாம். வாழ்நாள் முழுக்க வராத இந்தி.

"மாதாஜி, இங்கே எதற்கு வந்தீர்கள்?"

"இலாஜ் கே லியே ஆயீ ஹூன்."

வைத்தியத்துக்கு வந்திருக்கிறேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அச்சா, வெரி குட்" என்று சின்ன டாக்டரிடம் எழுதிக்கொள்ளச் சொல்வார்.

"எப்போது வீட்டுக்குப் போவீர்கள்?"

"ஆட் தின் மே."

எட்டு நாளில். அதற்கும் தலையாட்டுவார்.

"இது என்ன இடம்?"

"அக்கா வீட்டு சார் குவார்ட்டர்ஸ்."

எழுதிய சின்ன டாக்டர் பேனாவை நிறுத்துவார்.

ஆனால் விளையாட்டு இல்லை அது. ஒவ்வொரு தடவை மாஸ்க் இறங்கும்போதும் என் ரத்தத்தில் காற்றின் அளவு சரசரவென்று இறங்கியது. கைக்குப் பஞ்சு வைத்த உறை போட்டார்கள். உறை போட்ட கையாலேயே தள்ளினேன். ஷைனிதான் ஒன்றைக் கவனித்தாள். அவள் மட்டும் இருக்கும்போது நான் மாஸ்க்கைத் தொடுவதில்லை. டாக்டர்கள் கூட்டமாக வரும்போதுதான் எடுக்கிறேன், எடுத்து ஒளித்தும் வைக்கிறேன். அவர்கள் போனபின், "இசக்கி அக்கா, இசக்கி அக்கா" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பதில் வராததால் மாஸ்க்கைப் போடவும் விடுவதில்லை.

"ஆரா ஈ இசக்கி?" என்று ஷைனி மல்லிகாவைப் போனில் கேட்டாள். "அம்மச்சி எப்பவும் விளிச்சுக்கொண்டே இருக்கு."

அம்மன் யார்

தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இசக்கி என்றால் அம்மன். தெற்கே அப்படி ஒரு சாமி உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். அம்மா கடைசி நேரத்தில் சாமியைக் கூப்பிடுகிறாள் என்று அழுதுவிட்டு, பக்கத்துக் கோயிலில் போய்ச் சிவப்புச் சுன்னரித் துணி சாத்துவதாக வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஆர்.கே. புரத்திலிருந்து போன் வந்தது. என்னைப் பற்றி அக்கா யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"ஏட்டி மல்லிகா, ஒங்கம்மைக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இல்ல பெரியம்மா. மாஸ்க்கே வைக்க மாட்டேங்கிறாங்க. நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ் வரும்போதும் எடுத்தா டியூப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. எப்பப் பாரு சாமி பேரு வேற. இசக்கி, இசக்கின்னு."

அக்கா குரல் திடீரென்று இறங்கிவிட்டதாம். அக்கா வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

"இசக்கின்னா?"

"ஆமா பெரியம்மா. ஆள் வந்துட்டாரு, அடுப்பை அணைச்சிட்டேன் இசக்கின்னு சொல்றாங்களாம். எப்பவோ பொங்கல் வைக்கும்போது பாதில அடுப்பு அணைஞ்சிருக்கும், அந்தக் குறைதான்னு இவர் சொல்றார்."

"அட கூறுகெட்டவளே. அது சாமி இல்லட்டி. நாந்தான்."

"உங்க பேரு இசக்கியா?"

"பின்ன, பொறந்த அன்னைக்கே எனக்குப் பெரியம்மான்னா பேரு வச்சாவ? நாளைக்கு டாக்டர் வரும்போது எனக்குப் போனைப் போடச் சொல்லு. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

தண்ணீர்க் குழாய் மிஸ்திரி

மறுநாள் காலை வெள்ளை உடுப்புகள் வந்தன. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் வழக்கம்போல அடுப்பை அணைத்தேன். மணி அடித்தது. பெரிய டாக்டர் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினார்.

"சார், ஒன் மினிட்" என்று ஷைனி பிளாஸ்டிக் பையில் போட்ட போனை என் காதுக்கருகில் பிடித்தாள். பிடித்திருக்கவே வேண்டாம். குரல் வார்டு முழுக்கக் கேட்டது. சர்தார்ஜிகூட முழித்துக்கொண்டாராம்.

"ஏட்டி தனம். ஆளு போயிட்டான். அடுப்பப் பத்த வையி."

எனக்கு இந்த இடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரல் கேட்டதும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் எதிரே பார்த்தால் ஆள் போகவில்லை.

"போகல அக்கா" என்று கிசுகிசுத்தேன். "எதிர்லயே நிக்கிறாரு. மூணு பேரு."

மல்லிகாவும் லைனில் இருந்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டதாம். அக்கா விடவில்லை.

"கையில என்ன வச்சிருக்கான்?"

"வண்டி நெறையக் குழாய் வச்சிருக்காரு அக்கா."

"குழாயா? ஏ கோட்டிக்காரி, அவன் ஆளு இல்லட்டி. தண்ணிக்குழாய் மிஸ்திரி. நாந்தான் வரச் சொன்னேன். அவன் எதுக்க எத்தனை அடுப்பு எரிஞ்சாலும் ஒண்ணும் இல்ல. பத்த வையி. அவன் நிக்கட்டும், அடுப்பு எரியட்டும்."

நான் போர்வைக்குள்ளிருந்து மாஸ்க்கை எடுத்தேன். உறை போட்ட கையால் முடியவில்லை. ஷைனி பட்டையை மாட்டிவிட்டாள். உஸ்ஸ்ஸ்.

டாக்டர் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். எண்கள் மெதுவாக மேலே ஏறின. என்ன பேசினார்கள் என்று கேட்டார். ஷைனி அவளுக்குப் புரிந்த மட்டும் இந்தியில் சொன்னாள். அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார், தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"டீக் ஹை" என்றார். "நான் பிளம்பர்தான்."

வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அது என் பக்கம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் டாக்டர்கள் வரும் நேரத்துக்கு ஆர்.கே. புரத்துக்குப் போன் போவது மருந்து மாதிரி ஆகிவிட்டது. அக்கா குளித்து, பூவும் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம்.

எனக்கும் மிஸ்திரியிடம் பயம் இல்லை. பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, வந்து பார் என்று தினமும் அவரிடம் மாஸ்க்குக்குள்ளிருந்தே புகார் சொன்னேன். அவரும் தினமும், "கல் ஹோ ஜாயேகா, மாதாஜி" என்பார். நாளைக்கு ஆகிவிடும். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதில் தீர்ந்தது. நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர் நிச்சயம் மிஸ்திரிதான்.

ஷைனி பையைத் தேடி என் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். என் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு காலையும், "அம்மச்சி, இது ஆஸ்பத்திரி, இப்போ ராவிலெ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மலையாளத்தில் ராவிலெ என்றால் காலை. ஒரு நாள் ஜன்னலில் வெயில் விழுந்ததைப் பார்த்தேன். குல்லாய்க்குள் இருந்த கண்ணையும் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் கண், மல்லிகாவைவிட வயது குறைவாக இருக்கும், தூங்காமல் சிவந்திருந்தது. டாக்டர் என்று புரிந்தது.

"மாதாஜி, குழாய் சரியாகிவிட்டதா?" என்று அவர் கேட்டார்.

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். புத்தி திரும்பி வந்துவிட்டது, வாய் திரும்பவும் போய்விட்டது. அன்றைக்குப் போனில் இசக்கி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். ஷைனி காதருகில் பிடித்துக்கொண்டே நின்றாள். வெறும் மூச்சுதான் போயிருக்கும்.

"ஊமையாயிட்டாளா?" என்று கேட்டார் அக்கா. "அப்ப நல்லாயிட்டா. போனை வையி."

சர்தார்ஜி எனக்கு முன்பே நல்லபடியாக வீட்டுக்குப் போனார். போகும்போது சக்கர நாற்காலியில் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். ரொட்டி ஞாபகம் இருந்ததோ என்னவோ.

ஜனக்புரியில் ஒரு மத்தியானம்

வீட்டுக்கு வந்தபிறகும் கொஞ்ச நாள் மூக்கில் குழாய் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் காற்று தரும் மிஷின் ஒன்று, பகலெல்லாம் உஸ் உஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. இது ஜனக்புரி, இது மகள் வீடு, இது மிஷின். எல்லாம் தெரியும். ஆனாலும் கை தானாக மூக்குக்குப் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டது.

மல்லிகா கதவுப்பக்கம் போவதற்குள் வெளியே கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. மூடிய கதவைத் தாண்டிக் குரல் உள்ளே வந்துவிட்டது.

"நாந்தாண்டி. எரியட்டும்."